ரஞ்சனின் வாய் திறந்த கார்

1

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, ஒரு கையில் தீப்பெட்டியும் மறு கையில் கற்பூரமுமாக, எங்கள் தெருவின் முடிவில் இருக்கும் கராஜின் முன்னால் நின்றேன். இரும்புச் சுருட்டுக்கதவு முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே கார் இல்லை. முந்தின நாள் மாலை காருக்கு நான் போட்ட செவ்வந்தி மாலையின் இதழ்கள் சில தரையில் கிடந்தன. வாசலைத் தாண்டித் தெருவிலும் கிடந்தன. மூலையில் பூட்டியிருந்த மருந்துக்கடை வரைக்கும் அவற்றைப் பார்த்துக்கொண்டே போனேன். அதற்கு அப்பால் தெருக்கூட்டும் வண்டி போயிருந்தது.

அன்று என் தம்பி ரஞ்சனின் ஆட்டைத் திவசம். அவன் போய் ஒரு வருடம். மத்தியானம் ஐயர் வருவதாகச் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு ஓடினேன். மகள் தாரணியின் கட்டில் வெறுமையாக இருந்தது. அவளுடைய எண்ணுக்கு அழைத்தேன். குசினியில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்த போன் அடித்தது. அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். 

கணவர் எழும்பி வந்தார்.

"என்னப்பா, விடியமுந்தியே ஓடித் திரியிறீர்?"

"காரைக் காணேல்லை. பிள்ளையையும் காணேல்லை."

அவர் கதிரையில் இருந்து சப்பாத்தைப் போடத் தொடங்கினார். இடது சப்பாத்தை வலது காலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2

ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை காரை எடுத்துக்கொண்டு போனதற்கு இவ்வளவு பதற்றமா என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கக்கூடும். பிள்ளையிடம் சாரதி அனுமதிப் பத்திரம் இருந்தது. சரியான பத்திரம் இல்லாதது காருக்குத்தான்.

ரஞ்சன் செய்தவை ஹொட் ரொட் என்ற வகைக் கார்கள். பழைய காரொன்றை வாங்கி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, பொனற்றைக் கழற்றி எறிந்து, எஞ்சினை எல்லாரும் பார்க்க வெளியே விட்டு, பின்சில்லைப் பெரிதாக்கி முன்சில்லைச் சிறிதாக்கி, முன்பு அது என்ன காராக இருந்தது என்று செய்தவனுக்கே மறந்துபோகும்படி மாற்றிவிடுவது. அமெரிக்காவில் தொடங்கிய பைத்தியம். இஞ்சை இத்தாலியின் பலெர்மோவில் அது என் தம்பிக்குப் பிடித்தது.

பிடித்தது இஞ்சைதான் என்றாலும் விதை அங்கை விழுந்தது. போர்த் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் பெட்ரோல் வராத வருடங்களில் ரஞ்சனுக்கு மீசை முளைக்கவில்லை. ஊரில் வாடகைக்கு ஓடிய ஏ போட்டி என்று நாங்கள் சொல்லும் பழைய ஏ-40 கார்களெல்லாம் அப்போது மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் எஞ்சின் எடுத்த எடுப்பில் பிடிக்காது. காற்று வடிகட்டியைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயைத் திறந்து, கண்மருந்துப் போத்தலில் வைத்திருக்கும் பெட்ரோலில் சில சொட்டு விட வேண்டும். பிடித்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். வைத்தியசாலைக்குப் போகும் பிள்ளைத்தாச்சிகள் பின் சீட்டில் முனகிக்கொண்டிருக்க, இவன் முன்னால் குனிந்து சொட்டு விட்டுக்கொண்டு நிற்பான். பிடித்ததும் முகமெல்லாம் கறுத்த புகையோடு திரும்பி, "பிடிச்சிட்டுது" என்று பல்லைக் காட்டுவான். வடிகட்டியைத் திருப்பிப் பூட்ட யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. அந்த வருடங்களில் எங்கள் கார்கள் எல்லாம் வாயைத் திறந்தபடிதான் ஓடின.

என்னைத் தொடர்ந்து பலெர்மோவுக்கு வந்தவன் முதலில் மாடிப்படி கழுவினான். பிறகு கார் கழுவினான். பிறகு நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் ஒரு பட்டறையில் ஒட்டும் வேலை, பூச்சு வேலை. கலியாணம் கட்டவில்லை. எங்களோடுதான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில், மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் எங்கள் தெருவில் வாடகைக்கு எடுத்த அந்தக் கராஜில் அவனுடைய சொந்த வேலை நடந்தது. ஒரு பழைய கார் வந்தால் சில வாரங்களுக்கு அதைத் தொடவே மாட்டான். அதற்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பான். பிறகு ஒருநாள் சோக்கட்டியால் தரையில், காரின் உண்மையான அளவிலேயே, பக்கவாட்டுக் கோடு ஒன்றை ஒரே இழுப்பில் இழுப்பான். பிடிக்காவிட்டால் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான். தாரணி சின்னவளாக இருந்தபோது அந்தக் கோட்டுக்குள் படுத்துக்கொண்டு, "மாமா, நான் டிரைவர்" என்பாள்.

ஒருமுறை நான் கேட்டேன்:

"எங்கையடா பொனற்?"

"எஞ்சின் வடிவாய் இருக்கேக்கை ஏனக்கா மூடுவான்?"

"மழை பெய்தால்?"

"மழைக்கை போறதுக்கு பஸ் இருக்கு."

எஞ்சினின் மேல் நாலு வெள்ளிக் குழாய்கள் நாதஸ்வரத்தின் அடிவாய் போல விரிந்து வானத்தைப் பார்த்து நிற்கும். எஞ்சின் அதற்குள்ளால்தான் மூச்செடுக்கும். அவன் செய்த எல்லாக் கார்களிலும் அந்தக் குழாய்கள் உண்டு. ஒன்றுக்கும் மூடி கிடையாது.

"மாமா, ஒரு வலையாவது போடுங்கோ. குருவி பூந்திடும்" என்பாள் தாரணி.

"பலெர்மோக் குருவியளுக்குப் புத்தி இருக்கடி. மூச்செடுக்கிற வாயைக் கட்டக் கூடாது."

ஒருநாள் அப்படிப்பட்ட ஒன்றில் என்னை வேலையிலிருந்து ஏற்றிப்போக லிபெர்த்தாத் தெருவுக்கு வந்தான். நான் பராமரிக்கும் சின்யோராவுக்கு எண்பத்தாறு வயது. பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம். உன் தம்பிக்குக் காயம் ஒன்றும் இல்லையே? எதில் மோதினான்?" என்றார். இதை ரஞ்சனிடம் சொன்னபோது ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

3

அவன் செய்த கார்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று முழுதாக எனக்குத் தெரியாது. ஒன்று திராப்பானிப் பக்கத்தில் பாகம் பாகமாகக் கழற்றி விற்கப்பட்டதாகக் கேள்வி. ஒன்று பகேரியாவில் ஒரு பல் வைத்தியரிடம் இருக்கிறது. கார்க் கண்காட்சிகளில் அதற்குக் கிண்ணம் கிடைக்கிறது. வடிவமைத்தது யார் என்று கேட்டால் வைத்தியர் புன்னகைத்துவிட்டுத் தன் நெஞ்சில் கை வைக்கிறாராம். தாரணி அந்தப் படத்தைப் போனில் எனக்குக் காட்டினாள். "மா அம்மா, ஒருத்தருக்கும் தெரியாது. மாமா எண்டு ஒரு ஆள் இருந்ததே தெரியாது" என்றாள். 'மா' என்றால் 'ஆனால்'. அவளுடைய தமிழுக்குள் இந்த ஊர் மீன்காரர்களின் இத்தாலியன் புகுந்து புறப்படும். கோபம் வந்தால் முழுக்க அதுதான்.

கடைசிக் காரை அவன் விற்கச் செய்யவில்லை. பின்பக்கம் கறுப்பில் தொடங்கி முன்னுக்கு வர வரச் செம்மஞ்சளாகும் பனம்பழ நிறம். அந்த நிறத்துக்குப் பெயர் கேட்ட இத்தாலியர்களுக்கு "பனா" என்று சொல்லிவைத்தான். அவர்களும் அதை ஏதோ கொம்பனியின் பூச்சு என்று நம்பினார்கள். பூச்சுக் காய்ந்த வாரத்தில், பட்டறையில் வேறு யாருடையதோ காரின் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, உப்புத்தாளைக் கையில் பிடித்தபடி விழுந்தான். அம்புலன்ஸ் கெதியாகத்தான் வந்தது. அவன் அதைவிடக் கெதியாகப் போய்விட்டான்.

ஊரில் புதிதாக ஒரு சைக்கிள் வாங்கினாலும் முதல் ஓட்டம் கோயிலுக்குத்தானே? இஞ்சை எங்கள் சனங்களுக்கு அந்த முதல் ஓட்டம் மலைமேல் குகைக்கோயிலில் இருக்கும் புனிதை சாந்தா ரோசாலியாவிடம். நாங்கள் சைவக்காரர்தான். ஆனாலும் ஞாயிறுகளில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மலையேறுகிற தமிழரை பலெர்மோவில் எல்லாருக்கும் தெரியும். விசா கிடைத்தாலும் அவவிடம், பிள்ளை பிறந்தாலும் அவவிடம். ரஞ்சன் செய்த ஒவ்வொரு காரும் விடிய முன், தெருவில் போலீஸ் இல்லாத நேரம் பார்த்து, முதலில் அங்கே போய் வந்தது. கடைசிக் கார் போகவில்லை. "நீ லைசென்ஸ் எடு. இது உன்னோடைதான் மலையேறும்" என்று மருமகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

அந்தக் காரின் பத்திரத்தில் சாம்பல் நிறம், நாலு சீட், கூரை, பொனற் எல்லாம் இருக்கின்றன. காரில் ஒன்றும் இல்லை. மாற்றங்களைப் பதியப் போன ஒவ்வொரு கந்தோரிலும் தலையை ஆட்டி அடுத்த கந்தோரைக் காட்டினார்கள். ரஞ்சன் இறந்த பிறகு அதை எங்கள் பெயருக்கு மாற்றவும் முடியவில்லை. அவனுக்கு வாரிசு ஊரில் இருக்கும் எங்கள் அம்மா. அம்மாவின் பிறப்புப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்தது. அது இல்லாமல் இது இல்லை, இது இல்லாமல் மற்றது இல்லை. ஆகவே கார் ரஞ்சனின் பெயரிலேயே, எங்கள் வீட்டு விலாசத்திலேயே, காப்புறுதி இல்லாமல் நின்றது.

இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. தாரணி இஞ்சை பிறந்தவள். ஆனாலும் இத்தாலியப் பிரசை இல்லை. பதினெட்டானதும் விண்ணப்பித்து, எல்லாம் சரிவந்து, வருகிற வியாழக்கிழமை நகரசபையான கொமூனேயில் சத்தியப்பிரமாணம். அதுவரை அவளுடைய பெயரில் ஒரு தூசியும் படக் கூடாது என்று வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் போலீஸ் கந்தோரில் நின்ற வருடங்கள் எனக்குப் படிப்பித்திருந்தன. அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. என் நெஞ்சில் இடம் இருந்தது.

4

"போலீசுக்குச் சொல்லுவம்" என்றேன்.

"என்னெண்டு?" என்றார் கணவர். "பிள்ளையைக் காணேல்லை எண்டோ, பிள்ளை களவாய்க் கார் ஓடுறாள் எண்டோ?"

 அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போனார். போய்விட்டு, போன வேகத்திலேயே திரும்பி வந்தார். கல் சரிந்திருக்கிறதாம். இந்தப் பக்கத்து ஏற்றத்தைத் தடை போட்டு மறித்திருக்கிறார்களாம்.

"பூனை கூடப் போகேலாது. அவள் மலைக்குப் போகேல்லை."

"அப்ப எங்கை போனவள்?"

"எனக்கென்னண்டடி தெரியும்?"

அவர் என்னை 'டி' போட்டுப் பேசியது அன்றுதான் முதல்முறை. இரண்டு பேரும் அதைக் கேட்டோம். கேட்காததுபோல அவர் தேங்காய் துருவப் போனார். திவசச் சமையல் அரைகுறையாக அடுப்பில் இருந்தது.

நான் கராபினியேரிப் போலீஸ் நிலையத்துக்கு நடந்தேன். வாசலில் கூண்டுக்குள் இருந்த பெடியனுக்கு தாரணியைவிடச் சில வயதுதான் கூட இருக்கும்.

"மகள் காலையில் காரில் போனாள். போன் வீட்டில் இருக்கிறது. வரவில்லை" என்றேன். என் இத்தாலியன் பதறும்போது இறந்தகாலத்தையெல்லாம் தொலைத்துவிடும். அவனுக்கு விளங்கியது.

"வயது?"

"பதினெட்டு."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "சின்யோரா, ஞாயிறு. நல்ல வெயில். காதலனோடு மொண்டெல்லோக் கடற்கரையில் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். எல்லாரும் வருவார்கள்." பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேனாவை எடுத்தான். "சரி. என்ன கார்? இலக்கம் என்ன?"

இலக்கம் எனக்கு மனப்பாடம். அதைச் சொன்னால் மகள் கிடைப்பாள். சொன்னால் வியாழக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால், ஏதோ ஒரு வளைவுக்குக் கீழே அவள் கிடந்தால்? வாயைத் திறந்தேன். இலக்கத்தின் முதல் எழுத்துகூட வந்துவிட்டது.

"மன்னியுங்கள். பிழையாக வந்துவிட்டேன்" என்றேன்.

"எங்கே போக வேண்டும், சின்யோரா?"

"வீட்டுக்கு."

"எந்தப் பக்கம்?"

ஸ்தாசியோனே பக்கம் என்றேன். இருபது வருடத்துக்கு மேலாக நான் நடக்கிற தெருவை அவன் எழுந்து வந்து, கையை நீட்டி, அக்கறையாகக் காட்டினான். நான் நன்றி சொன்னேன்.

5

வழியில் எனக்கு ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. இப்போது தாரணி கூட இருந்தால் அந்தப் பெடியனோடு அவளே கதைத்திருப்பாள்.

எட்டு வயதிலிருந்து எங்களுக்காகக் கதைத்தது அவள்தான். குவெஸ்தூராக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர், குடும்ப வைத்தியர், வீட்டுக்காரர், அவளுடைய சொந்த ஆசிரியைகள், எல்லாரிடமும். நான் ஒரு வசனம் சொன்னால் அவள் நாலு வசனம் சொல்லுவாள். "நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்றால், "உங்களுக்குத் தெரியாதும்மா, இவையளோடை இப்பிடித்தான் கதைக்கோணும்" என்பாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. ரஞ்சன் விழுந்த அன்று, ஆஸ்பத்திரி நடையில் வைத்தியர் எங்களைத் தாண்டி அவளிடம்தான் விஷயத்தைச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, மொழிபெயர்க்காமல் நின்றாள். அதிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது.

அதன்பிறகு அவள் எங்களோடு கதைப்பது குறைந்தது. கராஜ் சாவி ஒன்று அவளுடைய கழுத்துச் சங்கிலியில் இருந்தது. ஞாயிறுகளில் போய் அந்த ஸ்டூலில் இருந்துவிட்டு வருவாள். என்ன செய்தாய் என்று கேட்டால், "நியென்தே" என்பாள். ஒன்றுமில்லை.

முந்தின நாள் மாலை நான் மாலை கட்டிக்கொண்டிருந்தபோது மட்டும் பக்கத்தில் வந்து இருந்தாள். வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்துப் பூக்காரரிடம் செவ்வந்தி வாங்கியிருந்தேன். யாருக்கு என்று கேட்டார். இறந்த தம்பிக்கு என்றதும் தலையைக் குனிந்துகொண்டு கூடுதலாக ஒரு கட்டுப் போட்டார். இஞ்சை செவ்வந்தி கல்லறைக்கு மட்டும்தான். வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். எங்களுக்கோ அது பிள்ளையாருக்கும் கலியாண வீட்டுக்கும் புது லொறிக்கும் ஆன பூ.

"ரெண்டு மாலை ஏன்?" என்றாள்.

"ஒண்டு மாமான்ரை படத்துக்கு. மற்றது காருக்கு."

"காரிலை எங்கை கொழுவுவியள்?"

நியாயமான கேள்வி. கூரை இல்லை, பொனற் இல்லை, கண்ணாடியும் இல்லை. போய்ப் பார்த்து, அந்த நாலு வெள்ளிக் குழாய்களையும் சுற்றிக் கொழுவினேன். கழுத்து மாதிரி அது ஒன்றுதான் இருந்தது. குழாய் வாய்களுக்கு மேலே பூக்கள் குவிந்து நின்றன. தாரணி கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்தாள். பிறகு, "வடிவாய் இருக்கம்மா" என்றாள்.

6

பன்னிரண்டு மணிக்கு ஐயர் வந்தார். அவருக்கும் பின்னேரம் ஓர் உணவகத்தில் வேலை.

"மருமகள் பிள்ளை எங்கை?" என்றார்.

"குளிக்கிறாள்" என்றார் கணவர்.

கிரியை நடந்தது. பெண்சாதி பிள்ளை இல்லாதவனுக்கு என் கணவர் தர்ப்பை போட்டார். ஐயர் குளியலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தண்ணீர்ச் சத்தம் இல்லாத குளியலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது என்னிடம் மெல்ல, "பிள்ளை வந்தாப்பிறகு விபூதியைப் பூசிவிடுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

பிறகு படையல். தம்பியின் அறையில், அவனுடைய படத்துக்கு முன்னால் இலை போட்டேன். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய், வடை, பாயாசம். அவன் குடிக்கிற சின்னக் கோப்பையில் கசப்புக் கோப்பி. ஊதுபத்தியைக் கொளுத்திவிட்டுக் கதவைச் சாத்தினோம். படைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நிற்க வேண்டும். இறந்தவர் வந்து இருந்து சாப்பிட, பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. சின்ன வயதில் அது எனக்கு விளையாட்டாக இருந்தது. அன்று அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோது, உள்ளே இருப்பவனிடம் கேட்கத் தோன்றியது. பிள்ளை எங்கையடா? உனக்குத் தெரியுமல்லோ?

கணவர் சுவரில் சாய்ந்து நின்றார். அவருடைய கையைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது.

கீழ்க்கதவு மணி அடித்தது. படிகளில் இரண்டு பேரின் காலடி. ஒன்று சப்பாத்து. மற்றது அவளுடையதுதான் என்று எனக்குத் தெரிந்தும், கதவைத் திறக்கக் கை போகவில்லை. கணவர்தான் திறந்தார்.

தாரணி நின்றாள். முழுதாக நின்றாள். கை இரண்டும் முழங்கை வரை கறுப்பு, நெற்றியிலும் ஒரு கறுப்பு. விரல்களில் மாலைக்கு நான் கட்டிய வெள்ளை நூல் சுற்றிக் கிடந்தது. பூ ஒன்றும் இல்லை.

"மொண்டெல்லோப் பக்கத்தாலை ஏறினனான், அம்மா" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "கோயிலடிக்கு ரெண்டு வளைவு இருக்கேக்கை மாலையை எஞ்சின் உள்ளை இழுத்திட்டுது. நிண்டிட்டுது. நான் ஒவ்வொரு இதழாய் எடுத்தனான். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது."

 அவளுக்குப் பின்னால் நகரப் போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நரைத்தவர், மரியாதையானவர். கையில் ஓர் உறை. ஊதுபத்தி வாசம் பட்டதும் அவர் மூக்கு ஒருமுறை சுருங்கியது.

சாப்பாட்டு நேரத்தில் தொந்தரவு தருவதற்கு மன்னிக்கச் சொன்னார். கார் நகரசபைத் தரிப்பிடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி தன்னிடம் இருக்கிறது என்றார். சாவியை ஓட்டியவரிடம் கொடுக்க முடியாது, உரிமையாளர் மட்டும்தான் கையெழுத்துப் போடலாம், அவர் வராவிட்டால் கார் நசுக்கப்படும் என்றார். "இவ்வளவு அழகான ஒரு காரை என் சேவையில் நான் பார்த்ததில்லை" என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது போலும், உறையைப் பார்த்துக்கொண்டார். விலாசத்தை வாசித்தார். எங்கள் நீளமான குடும்பப் பெயரை எழுத்தெழுத்தாகத் தடவி வாசித்தார்.

"மாமா இன்று வீட்டில்தான் இருப்பார் என்று சின்யொரீனா சொன்னாள்" என்றார். "சின்யோர் ரஞ்சன் இருக்கிறாரா?"

தாரணி சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், "இவருக்கு என்ன சொல்ல?"